முதல் மணி நேரத்தில் ராஜா ஜோடி: போக்கர் போட்டியின் தொடக்கத்தில் முழுக் கையிருப்பையும் எப்போது வைப்பது

போட்டிமுறை போக்கர் ஆடுவோரிடையே ஓர் அறிவுரை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் பணயம் வைக்கக் கூடாது, நல்ல சீட்டு விழுந்தாலும் பொறுத்திருக்க வேண்டும், போட்டியில் நீடித்திருப்பதே முதல் வேலை என்பது அதன் சாரம். நிதானமாக ஒலிக்கும் இந்த அறிவுரைக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வாதங்கள் கலந்து கிடக்கின்றன. போட்டியிலிருந்து வெளியேறுவதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பது முதல் வாதம். எதிரில் இருப்பவர் தம் சிப்புகள் அனைத்தையும் நடுவில் தள்ளும்போது அவர் கையில் என்ன சீட்டு இருக்கக்கூடும் என்பது இரண்டாவது வாதம். ஆட்டத்தின் தொடக்கத்தில் முதல் வாதத்துக்கு வலு மிகக் குறைவு. இரண்டாவதற்கு வலு மிக அதிகம். இவற்றைப் பிரித்துப் பார்க்காதவர் துணிய வேண்டிய இடத்தில் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டு, கவிழ்க்க வேண்டிய இடத்தில் துணிந்துவிடுகிறார். தொடக்க நிலைத் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் குழப்பத்திலிருந்தே பிறக்கின்றன என்பது என் கருத்து.

எண்களோடு பேசுவதற்கு லாஸ் வேகஸில் ஆண்டுதோறும் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை எடுத்துக்கொள்ளலாம். அதன் நுழைவுக் கட்டணம் 1972 முதல் 10,000 டாலராகவே இருந்து வருகிறது. 2023-இல் அதில் 10,043 பேர் ஆடினார்கள். 1,507 பேருக்குப் பரிசு கிடைத்தது. கடைசிப் படியில் இருந்தவர்கள் 15,000 டாலர் பெற்றார்கள். வெற்றி பெற்ற டேனியல் வைன்மன் 1 கோடியே 21 லட்சம் டாலர் பெற்றார். ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் 60,000 சிப் தரப்படுகிறது. முதல் கட்டத்தில் கட்டாயப் பந்தயங்களான பிளைண்டுகள் 100, 200 என்ற அளவில் இருக்கும். பெரிய பிளைண்ட் இடுபவர் ஆன்ட்டி எனப்படும் கூடுதல் கட்டாயப் பந்தயமாக மேலும் 200 வைப்பார். ஒரு கட்டம் இரண்டு மணி நேரம் நீளும். ஆடப்படுவது டெக்சஸ் ஹோல்டெம்: ஒவ்வொருவருக்கும் இரண்டு மறைவுச் சீட்டு, மேசையின் நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு.

இந்த அமைப்பில் முதலில் கவனிக்க வேண்டியது கையிருப்பின் ஆழம். 60,000 சிப் என்பது 300 பெரிய பிளைண்டுகளுக்குச் சமம். மேசையைச் சுற்றி ஆட்டம் ஒரு முறை வந்தால் சும்மா இருப்பவருக்கு ஆகும் செலவு 500 சிப்தான். அதாவது முதல் கட்ட அளவிலேயே பிளைண்டுகள் நின்றுவிடுமானால், ஒரு சீட்டும் ஆடாமல் 120 சுற்று உட்கார்ந்திருக்கலாம். ஆகவே தொடக்கத்தில் காத்திருப்பவரைப் பிளைண்டுகள் அரிப்பதில்லை. பொறுமையை வலியுறுத்துவோர் பக்கம் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

இனி வெளியேறுவதன் விலை. போட்டியில் சிப்புகளைப் பணமாக மாற்றிக்கொண்டு எழுந்துபோக முடியாது. கையிலுள்ள சிப்புகள் எந்த இடத்தில் முடிப்போம் என்ற வாய்ப்பாக மட்டுமே மதிப்புப் பெறுகின்றன. இந்த மதிப்பைக் கணக்கிட இன்று எல்லோரும் பயன்படுத்தும் முறைக்கு ஐசிஎம் (Independent Chip Model) என்று பெயர். குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை எத்தனையாவதாக வரும் என்பதைக் கணிக்க டேவிட் ஹார்வில் 1973-இல் வெளியிட்ட சூத்திரத்தை, 1987-இல் மேசன் மால்முத் போக்கருக்குப் பொருத்தினார். இதன்படி, கையிருப்பு இரு மடங்கானால் முதலிடம் பெறும் வாய்ப்பு சரியாக இரு மடங்காகும்; ஆனால் பரிசு பெறும் எல்லைக்குள் நுழையும் வாய்ப்பு அப்படி ஆகாது. ஆட்டக்காரர்களில் 15 சதவீதத்தினருக்குப் பரிசு என்றால், தொடக்கத்தில் இரு மடங்குச் சிப் பெற்றவர் அந்த எல்லைக்குள் வரும் வாய்ப்பு 30 சதவீதம் ஆவதில்லை; 28 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கிறது. கீழ்ப்படிப் பரிசுகளுக்கு இந்தக் குறைவு பொருந்தும். பரிசுத் தொகையின் பெரும்பகுதி குவிந்திருக்கும் மேற்படிகளுக்கு அது பொருந்துவதில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், முதல் நாளில் இரு மடங்காகும் கையிருப்பின் பண மதிப்பு ஏறத்தாழ 1.94 மடங்காகிறது. சமமான பந்தயத்தில் இறங்குவதற்கு 50 சதவீத வெற்றி வாய்ப்புப் போதும் என்பதற்குப் பதிலாக 51 அல்லது 52 சதவீதம் வேண்டும். தொடக்கத்தில் உயிர்பிழைத்திருப்பதற்கு ஐசிஎம் வைக்கும் விலை இவ்வளவுதான்.

இதே விலை பரிசு எல்லையை நெருங்கும்போது பல மடங்கு ஏறுகிறது. பெரிய போட்டிக்கான இடங்களையே பரிசாகத் தரும் தகுதிப் போட்டி ஒன்று, பத்துப் பேருக்குச் சமமான பரிசு, பதினொரு பேர் மிச்சம் என்ற நிலைக்கு வந்துவிட்டால், பெரும் கையிருப்போடு உட்கார்ந்திருப்பவர் தம்மளவு சிப் வைத்திருக்கும் இன்னொருவரின் ஆல்-இன்னுக்கு, அதாவது முழுக் கையிருப்பையும் தள்ளும் பந்தயத்துக்கு எதிராக, மறைவுச் சீட்டுகளில் மிகச் சிறந்ததான ஏஸ் ஜோடியையே கவிழ்ப்பது சரியான ஆட்டம். ஏஸ் ஜோடியைக் கவிழ்க்கலாம் என்ற பேச்சுக்கு மூலம் இத்தகைய நிலைமைகளே. அங்கே பொருந்தும் நியாயத்தை எடுத்துவந்து, பத்தாயிரம் பேர் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் முதல் நாள் காலையில் பொருத்துவதை ஏற்க முடியாது.

திறமையை முன்வைக்கும் வாதம் இதைவிடக் கனமானது. மற்றவர்களைவிட நன்றாக ஆடுபவர், இப்போது ஒரு பெரிய பந்தயத்தைத் தவிர்த்துவிட்டுப் பிறகு பாதுகாப்பான வழிகளில் சிப்புகளைச் சேர்த்துக்கொள்வார். அவருடைய நாற்காலிக்கே ஒரு மதிப்பு உண்டு. இது உண்மை, ஆனால் எவ்வளவு உண்மை என்பதை அளக்க வேண்டும். அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. 1,024 பேர் ஆடும் போட்டியில் எல்லாச் சிப்புகளையும் வெல்ல வேண்டுமானால் ஒருவர் தம் கையிருப்பைப் பத்து முறை இரட்டிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இரட்டிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் என்றால் வெற்றி வாய்ப்பு 1,024-இல் ஒன்று. அவர் சராசரி ஆட்டக்காரர். ஒவ்வொரு முறையும் 55 சதவீதம் என்றால் அந்த வாய்ப்பு சராசரியைப் போல் ஏறத்தாழ 2.6 மடங்கு. 60 சதவீதம் என்றால் ஆறு மடங்குக்கும் மேல். தம் வழக்கமான ஆட்டத்தில் 55 சதவீத வாய்ப்போடு இரட்டிப்பவர், 55 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புள்ள சமப் பந்தயத்தைத் தவிர்க்கலாம்; அதற்கு மேற்பட்டதைத் தவிர்த்தால் தமக்கே நட்டம் செய்துகொள்கிறார். சராசரியைவிட இரண்டரை மடங்கு சிறந்தவர் என்பது மிகப் பெரிய சிறப்பு. அந்தச் சிறப்பு வாங்கித் தரும் விலக்கு ஐந்து சதவீதம் மட்டுமே.

இந்தக் கணக்கை ஏஸ் ஜோடியில் வைத்துப் பார்த்தால் விடை ஐயமின்றித் தெரிகிறது. பொதுச் சீட்டுகள் விழுவதற்கு முன், ஏஸ் ஜோடி ராஜா ஜோடியை ஏறத்தாழ 82 சதவீதம் வெல்லும். எந்தச் சீட்டு என்றே தெரியாத ஒருவரை 85 சதவீதம் வெல்லும். 82 சதவீத வாய்ப்பைத் தவிர்ப்பது சரியாக வேண்டுமானால், அந்த ஆட்டக்காரர் வழக்கமாகவே 82 சதவீத வாய்ப்போடு இரட்டிப்பவராக இருக்க வேண்டும். 0.82-ஐப் பத்து முறை பெருக்கினால் 0.137 வருகிறது. அதாவது ஆயிரம் பேர் ஆடும் போட்டிகளில் ஏழுக்கு ஒன்றை அவர் வென்றுகொண்டிருக்க வேண்டும். அப்படி ஒரு மனிதர் போக்கர் வரலாற்றில் இல்லை. முதன்மைப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே ஒருவர் தம் 60,000 சிப்பையும் தள்ளினால், ஏஸ் ஜோடி வைத்திருப்பவர் அதே அளவு சிப் இட்டு அந்தப் பந்தயத்தை ஏற்க வேண்டும். வெளியேறிவிட்டால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் இந்த முடிவுக்குள் நுழையவே கூடாது.

உண்மையான சிக்கல் ராஜா ஜோடியில் தொடங்குகிறது. ஒன்பது பேர் மேசையில் நமக்கு ராஜா ஜோடி விழுந்திருக்கும்போது மற்ற எட்டுப் பேரில் ஒருவரிடம் ஏஸ் ஜோடி இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 3.9 சதவீதம். பந்தயம் தொடங்குவதற்கு முன் உள்ள எண் இது; யாராவது பந்தயத்தை உயர்த்தும் ஒவ்வொரு ஏற்றத்துக்குப் பின்னும் இது வளர்கிறது. நாம் 600-க்கு ஏற்றுகிறோம். எதிராளி 1,800 என்கிறார். நாம் 5,000 என்கிறோம். அவர் 60,000-ஐயும் தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் பிளைண்டில் இல்லை. ஏற்க நாம் இன்னும் 55,000 இட வேண்டும். ஏற்றபின் நடுவில் சேரும் மொத்தம் 1,20,500. சிப் கணக்கில் நமக்குத் தேவையான வெற்றி வாய்ப்பு 45.6 சதவீதம். ஐசிஎம் கேட்கும் சிறு கூடுதலைச் சேர்த்தால் 47 அளவில் வருகிறது. மேலே சொன்ன 55 சதவீதத் திறமைக்காரருக்கு அது 51-ஐத் தொடுகிறது.

இப்போது எதிராளியின் சீட்டுகளை எண்ண வேண்டும். நம்மிடம் இரண்டு ராஜா இருக்கும்போது, அவரிடம் ஏஸ் ஜோடி அமைய ஆறு வழி. மிச்சமுள்ள இரு ராஜாக்களும் அவரிடமே அமைய ஒரு வழி. ராணி ஜோடி அமைய ஆறு வழி. ஏஸும் ராஜாவும் சேர்ந்து அமைய எட்டு வழி. ஏஸ் ஜோடிக்கு எதிராக நமக்கு 18 சதவீதம், ராணி ஜோடிக்கு எதிராக 82, ஏஸ்-ராஜாவுக்கு எதிராக 69 அளவில். இந்த நான்கையும் தள்ளக்கூடியவர் அவர் என்றால் நம் வாய்ப்பு 57 சதவீதம். எவ்வளவு பெரிய ஆட்டக்காரரும் ஏற்க வேண்டும். ஏஸ்-ராஜாவை அவர் இப்படித் தள்ளமாட்டார், ராணி ஜோடியைத் தள்ளுவார் என்றால் வாய்ப்பு சரியாக 50-க்கு இறங்குகிறது. சராசரி ஆட்டக்காரர் ஏற்கலாம், மிகத் திறமையானவர் மயிரிழையில் கவிழ்க்கலாம். ஏஸ் ஜோடியோ ராஜா ஜோடியோ இன்றி இதைச் செய்யவே மாட்டார் என்றால் 23 சதவீதத்துக்கும் கீழே போகிறது. யாராக இருந்தாலும் கவிழ்க்க வேண்டும்.

இந்த மூன்று விடைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்க்க வேண்டும். உயிர்பிழைத்தலின் விலை நமக்குத் தேவையான வெற்றி வாய்ப்பை 45.6-இலிருந்து 47-க்கோ 51-க்கோ நகர்த்தியது. எதிராளி யார் என்பது நமக்கு உண்மையில் உள்ள வாய்ப்பை 57-இலிருந்து 23-க்கு இழுத்துச் சென்றது. முதன்மைப் போட்டியில் பல ஆண்டு சேமிப்போடு வந்து, முதல் இரண்டு மணி நேரமும் சீட்டைக் கவிழ்த்துக்கொண்டே அமர்ந்திருக்கும் ஒருவர் 300 பிளைண்டையும் தள்ளினால், அவருடைய கையில் ஏஸ் ஜோடி இருப்பதாகவே கொள்வது தகும். அதே மேசையில் மூன்று ஆட்டத்துக்கு ஒரு முறை மறு ஏற்றம் செய்துகொண்டிருக்கும் இளைஞர் அதையே செய்தால் ஏஸ்-ராஜாவும் ராணி ஜோடியும் நிச்சயம் கணக்கில் உண்டு; சில வேளை அதற்கும் கீழான சீட்டுகளும் உண்டு. முதல் மணி நேரத்தில் மேசையைக் கவனிப்பதற்கு இதைவிடப் பெரிய பயன் எதுவும் இல்லை.

ராணி ஜோடியும் ஏஸ்-ராஜாவும் இதே அளவுகோலில் எளிதாகத் தீர்ந்துவிடுகின்றன. அவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக நின்றால் ராணி ஜோடி 54-க்கும் 57-க்கும் இடையில் வெல்லும். ஏஸ் ஜோடிக்கும் ராஜா ஜோடிக்கும் எதிராக நிற்கும்போதோ இரண்டுமே பெரும்பாலும் பின்தங்கியிருக்கும். 300 பிளைண்டு ஆழத்தில் அவற்றை வைத்து ஏற்றலாம், மறு ஏற்றமும் செய்யலாம். ஆனால் பொதுச் சீட்டு விழும் முன்பே முழுக் கையிருப்பையும் அவற்றின் மேல் வைப்பதற்கு எதிராளியைப் பற்றிய தெளிவான அறிவு தேவை.

பெரும்பாலான பெரிய இழப்புகள் பொதுச் சீட்டு விழுவதற்கு முன்பு நேர்வதில்லை, விழுந்தபின் நேர்கின்றன. ஏஸ் ஜோடிக்கு ஆழமான கையிருப்பு உண்மையாகவே ஆபத்தாக மாறுவது அங்கேதான். நாம் 600-க்கு ஏற்றும்போது நான்கு எண் சீட்டுகள் இரண்டை ஜோடியாக வைத்திருப்பவர் தம் கையிருப்பில் நூறில் ஒரு பங்கை மட்டும் கொடுத்து உள்ளே வருகிறார். முதல் மூன்று பொதுச் சீட்டில் அவருக்கு மூன்றாவது நான்கு கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 12 சதவீதம். கிடைக்காவிட்டால் 600-ஓடு விலகிவிடுவார். கிடைத்தால் மிச்சமுள்ள 59,400-க்குக் குறி வைப்பார். அவருடைய கணக்கு முழுவதும் ஒரே எதிர்பார்ப்பின் மேல் நிற்கிறது: ஏஸ் ஜோடிக்காரர் அதைக் கைவிடமாட்டார். ஒற்றை ஜோடியை வைத்துக்கொண்டு ஒரு பந்தயம், இரண்டாவது பந்தயம் என்று வைப்பதில் தவறில்லை. மூன்றாவது பந்தயத்தின்போது நிதானமான ஒருவர் முழுக் கையிருப்புக்கும் ஏற்றும்போது, ஒற்றை ஜோடியால் வெல்லக்கூடிய எதுவும் அவர் கையில் அநேகமாக இருப்பதில்லை. இங்கே ஏஸ் ஜோடியைக் கவிழ்ப்பது சரி. கவிழ்ப்பதற்கான காரணம் போட்டி இப்போதுதான் தொடங்கியது என்பதன்று. நாம் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது. பணத்துக்கு நேராக ஆடும் மேசையில் இதே ஆழத்தில் அமர்ந்திருந்தாலும் அதையேதான் செய்திருக்க வேண்டும்.

இந்த வேறுபாட்டை மிகத் துல்லியமாகக் காட்டும் ஆட்டம் ஒன்று 2017-ஆம் ஆண்டு முதன்மைப் போட்டியின் முதல் கட்டத்திலேயே நிகழ்ந்தது. உலகப் போக்கர் தொடரில் மூன்று முறை வென்று வெற்றியாளருக்கான கைவளை பெற்ற வனெஸ்ஸா செல்ப்ஸ்டுக்கு ஏஸ் ஜோடி விழுந்தது. எதிரில் 2012 முதன்மைப் போட்டியில் பத்தாம் இடம் பெற்ற பிரெஞ்சு ஆட்டக்காரர் கயெல் போமான். அந்த ஆண்டு தொடக்கக் கையிருப்பு 50,000. பிளைண்டுகள் 75, 150. முதல் மூன்று பொதுச் சீட்டில் ஓர் ஏஸும் ஓர் ஏழும் இருந்தன. நான்காவது சீட்டாக இன்னொரு ஏழு வந்தது. செல்ப்ஸ்டிடம் மூன்று ஏஸும் இரண்டு ஏழும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ். கடைசிச் சீட்டுக்குப் பின் அவர் பந்தயம் வைக்க, போமான் மிச்சம் அனைத்தையும் தள்ளினார். செல்ப்ஸ்ட் நெடுநேரம் யோசித்துவிட்டு ஏற்றார். போமானிடம் இருந்தது ஏழு ஜோடி. நான்கு ஏழும் அவர் பக்கம் சேர்ந்துவிட்டன. செல்ப்ஸ்டின் போட்டி முதல் நாளே முடிந்தது.

இதைத் துரதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட்டால் கற்பதற்கு எதுவும் மிஞ்சாது. எண்ணிப் பார்க்க வேண்டும். செல்ப்ஸ்டைத் தோற்கடிக்கக்கூடிய சீட்டு நடைமுறையில் ஒன்றே ஒன்று: மிச்சமுள்ள இரண்டு ஏழும் ஒரே கையில். அதற்கு ஒரே ஒரு வழி. அவரிடம் தோற்கும் வலுவான சீட்டுகளில், ஏஸும் ஏழும் சேர்ந்து அமைய இரண்டு வழி. மேசையில் கிடந்த மற்ற இரு சீட்டுகளோடு பொருந்தும் ஜோடிகளுக்குத் தலா மூன்று வழி. ஆக எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் முன்னிலையில் இருந்தார். சிறு ஜோடிக்காரர்கள் அந்த நிலையில் முழுவதையும் தள்ளாமல் வெறுமனே ஏற்றுக்கொள்வார்கள் என்று வாதிட்டு அவர்களை நீக்கினாலும், இரண்டுக்கு ஒன்று மிஞ்சுகிறது; 67 சதவீதம். போமான் ஏஸ்-ஏழைக்கூடத் தள்ளமாட்டார் என்று உறுதியாக நம்பினால் மட்டுமே கவிழ்க்க முடியும். தேர்ந்த ஆட்டக்காரரான போமானைப் பற்றி அவ்வளவு குறுகலாக எண்ணுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. அவர் ஏற்றது சரி. முதல் கட்டம் என்பதால் அது தவறாகிவிடவில்லை, தோற்றதாலும் தவறாகிவிடவில்லை.

செல்ப்ஸ்டின் நெடிய யோசனையும் மதிக்கத்தக்கது. 333 பிளைண்டு ஆழத்தில், ஏழு இரட்டித்த பின்னும் எதிராளி பின்வாங்கவில்லை என்பதை அவர் கவனித்தார். தம் சீட்டு எவ்வளவு பெரியது என்பதோடு நிற்காமல், எதிராளி எதை வைத்து இதைச் செய்வார் என்று எண்ணினார். விடை எதுவாக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

சிப் கணக்குக்கு வெளியே நிற்கும் ஒரு காரணத்தையும் நான் மதிக்கிறேன். 10,000 டாலர் எல்லோருக்கும் ஒரே தொகையன்று. 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் இணையத்தில் நடந்த 86 டாலர் தகுதிப் போட்டி வழியாக முதன்மைப் போட்டிக்குள் வந்து, 839 பேரைக் கொண்ட அந்தப் போட்டியில் வென்று 25 லட்சம் டாலர் பெற்றார். அவரைப் போல் தகுதிப் போட்டி வழியாக வருபவர்கள் இன்றும் பலர். வாழ்வில் ஒரே ஒரு முறை அந்த அரங்கில் அமரப்போகிறவருக்கு இரண்டாம் நாளைக் காண்பதிலேயே ஒரு நிறைவு உண்டு. அதற்காக அவர் 52 சதவீத வாய்ப்பு ஒன்றைக் கைவிட்டால் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அது அவர் தம் அனுபவத்துக்குக் கொடுக்கும் விலை என்பதை அவர் தெரிந்துகொண்டு கொடுத்தால் போதும். அதை ஆட்டத்தின் சட்டமாகப் பிறருக்குப் போதிக்கும்போதுதான் தவறு நேர்கிறது.

மறு நுழைவு அனுமதிக்கும் போட்டிகளில் கணக்கு இன்னும் ஒரு படி மாறுகிறது. முதன்மைப் போட்டியில் வெளியேறியவர் திரும்ப முடியாது. ஆனால் இன்றைய போட்டிகள் பலவற்றில் முதல் சில கட்டங்கள் வரை மீண்டும் கட்டணம் செலுத்தி அதே அளவு கையிருப்போடு உட்காரலாம். திறமைக்காரரின் நாற்காலிக்குத் தனி மதிப்பு உண்டு என்ற வாதம் அங்கே பெருமளவு கரைந்துவிடுகிறது, ஏனெனில் அந்த நாற்காலியை அவர் கட்டண விலைக்கே திரும்ப வாங்கிக்கொள்கிறார். 55 சதவீதத்தில் நின்ற, அவருக்குத் தேவையான வாய்ப்பு 50-ஐ நோக்கி இறங்கிவருகிறது. மீண்டும் நுழையப் பணமோ மனமோ இல்லாதவருக்கு இது பொருந்தாது. அவர் ஒரே முறை நுழையும் போட்டி என்று கொண்டே ஆட வேண்டும். அதே வேளையில், மேசையின் மறுபக்கம் இரண்டாவது கட்டணத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு அமர்ந்திருப்பவர் ஏஸ்-ராஜாவையும் ராணி ஜோடியையும் தயங்காமல் தள்ளுவார் என்பதைத் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டு, ராஜா ஜோடியோடு அவரை எதிர்கொள்ளும்போது ஏற்க வேண்டும்.